பெட்டிக்கு ஒரு மடக்குத் தண்ணீர்

ஜெயக்கொடிக்கு இடுப்பு வலி புதிதில்லை. பதினெட்டு வயதில் உப்பளத்தில் இறங்கியவளுக்கு நாற்பத்தாறில் இடுப்பு வலிக்காமல் வேறென்ன வலிக்கும்? குனிந்து உப்பு வாரினால் இடுப்பு, தலைச்சுமை தூக்கினால் கழுத்து, ராத்திரி படுத்தால் குதிகால். ஒவ்வொன்றும் தன் முறைக்கு வந்துவிட்டுப் போகும். ஆனால் இந்த ஒரு வாரமாக வலது இடுப்பில், சேலைக் கொசுவத்துக்குக் கொஞ்சம் மேலே, எரிச்சல். இட்லிக் கொப்பரையின் மூடியை எடுத்து இடுப்போடு வைத்துக் கட்டின மாதிரி.

எரித்தது பெட்டி.

பெட்டி என்றால் சோப்பு டப்பா அளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய புயலில் கடற்கரையோர டவர்கள் எல்லாம் சாய்ந்தன. திரும்ப நட்டார்கள். அடுத்த புயலில் திரும்பச் சாய்ந்தன. மூன்றாவது தடவை எவனும் நடவில்லை. அளத்துக்கு நெட் வேண்டுமா, ஆளே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பதினாலு பெண்களுக்கு ஒரு பெட்டி. அது வானத்தில் போகிற சாட்டிலைட்டைப் பிடித்துக் கீழே இவர்களுக்குக் கொடுக்கும். யார் வேலைக்கு வந்தாள், எத்தனை பாத்தி வாரினாள், குவித்த உப்பு அம்பாரம் எவ்வளவு உயர்ந்தது எல்லாம் அது வழியாகத்தான் கம்பெனிக்குப் போகும்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. சூட்டு மணி. வெயில் ஒரு அளவைத் தாண்டினால் பெட்டி கீச்சென்று கத்தும். கத்திவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது, முழுநாள் கூலி உண்டு. சட்டம் அப்படி. மணி அடித்தபின் பாத்தியில் ஒருத்தி நின்றாலும் கம்பெனிக்குத் தண்டனை. மணி அடிக்காதவரை ஒருத்தியும் பாத்தியை விட்டுக் கரையேறக்கூடாது. சூப்பர்வைசர் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் பெட்டி கையில்.

அதனால் பெட்டியை அவர்கள் பெட்டியாகவா வைத்திருந்தார்கள்? பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். வெயிலில் சூடேறிக் கெட்டுப்போனால் புதுப் பெட்டி வர ஒரு மாசம் ஆகும், அதுவரை பதினாலு பேருக்கும் வேலை கிடையாது. அதற்காகக் காலையில் ஒவ்வொருத்தியும் தன் குடிதண்ணீரிலிருந்து ஒரு மடக்கு எடுத்து ஒரு பாட்டிலில் ஊற்றிவிடுவாள். உப்புத் தண்ணீர் பெட்டியை அரிக்கும், குடிதண்ணீர்தான் ஆகும். அதில் ஒரு துணியை நனைத்துப் பெட்டியைச் சுற்றி, காய்ந்தால் திரும்ப நனைத்து, ஜெயக்கொடி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவாள். ஈரத்துணி மேலே குளிரும், உள்ளே பெட்டி சுடும். இடுப்புக்கு எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாது.

பெட்டியின் முதுகு புடைத்து மூடி கழன்றுகொண்டு நின்றதைத் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கும் பத்து பத்துக்கு மணி அடித்தது.

"அடிச்சிட்டாடி எங்க அம்மா!" என்று வாருபலகையைப் போட்டாள் இசக்கி. கூட்டத்தில் வயதில் சின்னவள், வாயில் பெரியவள். "செவ்வாக்கிழமை உனக்குச் சந்தனம் வைக்கேன் தாயே."

"போன செவ்வாயும் சொன்ன. சந்தனம் வந்துச்சா?" என்றாள் வடிவக்கா. அறுபதைத் தொட்டவள், ஆனாலும் பாத்திக்கு இறங்கினால் இசக்கிக்கு முன்னால் போவாள்.

"நம்ம அளத்துக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் அடிக்குன்னுதான் தெரியல. நாலாம் அளத்துல பாருங்க, இன்னும் குனிஞ்சுகிட்டுக் கிடக்காளுவ," என்றாள் இன்னொருத்தி.

"நமக்கு உடைமரத்தடி அம்மன் துணை. அவளுவளுக்கு யாரு இருக்கா? போன கோடைல மரியதங்கத்தையே எமன் கொண்டுபோயிட்டான். நம்மள்ல ஒருத்தி ரெண்டு வருஷமா விழுந்திருக்காளா?" என்றாள் இசக்கி.

மரியதங்கத்தின் பேரைக் கேட்டதும் ஜெயக்கொடி வரப்பைத் தாண்டிப் பார்த்தாள். நாலாம் அளத்தில் வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே பதினாலு முதுகுகள். மரியதங்கமும் அவளும் ஒரே வருஷம் அளத்தில் இறங்கினவர்கள். ஒரு கருவாட்டை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டவர்கள். போன சித்திரையில் ஒருநாள் பாத்தியில் உட்கார்ந்தாள், படுத்தாள், அவ்வளவுதான். உடம்பு தொடமுடியாதபடி கொதித்தது.

அன்றைக்குப் பகல், வீட்டில் அவள் இடுப்பைச் சாய்த்தபடி சோற்றைப் போடுவதைப் பார்த்துப் புருஷன் தவசிமுத்து கூப்பிட்டார்.

"இங்க வா. திரும்பு."

"என்னத்துக்கு?"

"திரும்புன்னா திரும்பேன். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கக்கூடாததையா பாக்கப்போறேன்."

தவசிமுத்து அவளுக்கு அத்தை மகன். லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிற வேலையில் இருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்து மேலே விழுந்ததில் இடது கால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. ஒரு வருஷம் படுத்துக் கிடந்தபோது போனைப் பார்த்துப் பார்த்துப் போன் ரிப்பேர் பழகிக்கொண்டார். மூட்டை தூக்கின கை, ஆனாலும் கடுகு ஸ்குரூவைப் பிடித்தால் நடுங்காது.

சேலையை விலக்கிப் பார்த்தார். இடுப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சிவப்புக் கட்டம், மூலை பிசகாமல்.

"எடு பெட்டியை."

கொடுத்தாள். ரப்பர் பேண்டை எடுத்ததும் மூடி தானாக எழும்பியது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பிப்போய்க் கிடந்தது.

"ஏட்டி, இதையா இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

"வெளிய சொன்னா பெட்டியைப் பிடுங்கிருவான். ஒரு மாசம் பதினாலு பேரும் வீட்ல உக்காரணும்."

"எங்கிட்டச் சொன்னா?"

"நீங்க கத்துவீய."

"கத்தாம! குண்டைக் கட்டிக்கிட்டு உப்பு வாரியிருக்க..."

"இந்தா, கத்துதீயல்ல."

அவர் எழுந்து கை கழுவினார். சோற்றைக்கூட முடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய், அதே அளவில் புதுப் பேட்டரியோடு வந்தார். வாசலில் ஒரு வாளி மணலை நிரப்பி வைத்தார்.

"இது எதுக்கு மணலு?"

"பழசைக் கழட்டும்போது ஓட்டை விழுந்துட்டா தீப்பிடிக்கும். தண்ணி ஊத்தப்பிடாது. மணலுக்குள்ள போட்டு ஓடிரணும்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடப்போறீயளாக்கும்."

"நீ தூக்கிட்டு ஓடு. முப்பது கிலோ உப்பைத் தூக்குறவளுக்கு நான் என்ன பாரம்?"

நாலு ஸ்குரூவையும் கழற்றி, மேல் தகட்டை எடுத்து, முதலில் பேட்டரியிலிருந்து போகிற வயர்முனையைப் பிடுங்கினார். பேட்டரி அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் குத்திவிடும். மீன்பிடி நரம்பு ஒரு முழம் எடுத்து, பேட்டரிக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்து அறுத்தார். ஜெயக்கொடி பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"மூச்சு விடாத."

"விட்டா வெடிச்சிருமா?"

"இல்ல, உன் மூச்சு என் கண்ணாடியில படுது."

அவள் சிரிப்பை அடக்கியதில் பெட்டி ஆடியது. அவர் முறைத்தார். பேட்டரி பசையை விட்டுக் கழன்று வந்தது. இரண்டு விரலால் தூக்கி மணலில் புதைத்துவிட்டு, அதற்குமேல் ஒரு கை மணலும் போட்டார். அப்புறம்தான் இரண்டு பேரும் ஒழுங்காக மூச்சு விட்டார்கள்.

புதுப் பேட்டரியில் மூன்று வயர் இருந்தது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை.

"கரண்டுக்கு ரெண்டு போதாதா? இந்த வெள்ளை என்னத்துக்கு?"

"அது பேட்டரிக்குக் காய்ச்சல் பாக்கிறது. உள்ள ஒரு பொடிச் சாமான் இருக்கு. ரொம்பச் சூடானா சார்ஜை நிறுத்தச் சொல்லும். உங்க சூட்டு மணியும் அதுலருந்துதான்."

"இதுலருந்தா? நான் மேல இருந்து சாட்டிலைட்டு பாக்குதுன்னுல்லா நினைச்சேன்."

"தனியா ஒரு சூடு பாக்குற மிஷின் வைக்கணும்னா ஆயிரம் அளத்துக்கு ஆயிரம் மிஷின். பேட்டரிக்குள்ளதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதையே கேட்டா வெயிலையும் சொல்லிரும்னு எவனோ யோசிச்சிருக்கான். பெட்டியோட சொந்தச் சூட்டைக் கழிச்சிட்டா மிச்சம் வெயிலு. மூளைக்காரன்தான்."

அவள் பாதி கேட்டாள். மூடி இப்போது சத்தமில்லாமல் பொருந்தி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் இடுப்பில் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, "இனிமே சுடாது" என்றார்.

மறுநாள் சுடவில்லை. விடியுமுன் நாலு மணிக்கு இறங்கி எட்டு, ஒன்பது ஆகியும் இடுப்பில் பெட்டி இருப்பதே தெரியவில்லை. துணியை நனைத்து நனைத்துச் சுற்றினாள். புதுப் பேட்டரி வாங்கிய பெட்டியாயிற்றே, கூட ஒரு தடவையே நனைத்தாள்.

பத்து பத்து ஆனது. மணி அடிக்கவில்லை.

"என்னக்கா, அம்மன் தூங்கிட்டாளா?" என்றாள் இசக்கி. பத்து இருபதுக்கும் அதையே சொன்னாள், சிரிப்பு இல்லாமல். உப்பின் மேல் பட்ட வெயில் கீழிருந்து முகத்தில் அடித்தது. வேர்வை வந்துகொண்டிருந்த வடிவக்காவுக்கு அது நின்றுபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. பத்து நாற்பதுக்கு அவள் வாருபலகையை ஊன்றி, அதைப் பிடித்தபடியே பாத்திக்குள் சரிந்தாள்.

நாலு பேர் தூக்கிக் கொட்டகைக்கு ஓடினார்கள். சூப்பர்வைசர் ஞானதிரவியம் ஓடி வந்தார். "மணி அடிக்கலையே, எல்லாரும் ஏறிட்டீயன்னா நான் என்ன செய்ய?" என்றார். சொல்லிக்கொண்டே தன் தலைத்துண்டை நனைத்து வடிவக்காவின் கழுத்தில் போட்டார். இருந்த குடிதண்ணீரை எல்லாம் அவள் மேல் ஊற்றினார்கள். பெட்டிக்கு வைத்திருந்த பாட்டிலையும் ஊற்றினார்கள். பதினோரு மணிக்கு, அவள் கண்ணைத் திறந்து "ஏன்டி என் சேலையை நனைச்சீய?" என்று கேட்ட பிறகுதான், பெட்டி கீச்சென்று கத்தியது.

"ஜெயக்கொடி, பெட்டியை என்னட்டி பண்ணின?" என்று வடிவக்காதான் கேட்டாள், படுத்தபடியே.

ஜெயக்கொடி சொல்லிவிட்டாள். உப்பியதை, எரிந்ததை, மாற்றியதை.

அன்று பகல் மூன்று மணிக்குத் தவசிமுத்துவின் வீட்டில் உட்கார இடமில்லை. வடிவக்காவை மட்டும் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றுவிட்டு இங்கே வந்திருந்தாள்.

"அண்ணே, அந்தப் பழசையே மாட்டுங்க," என்றாள் இசக்கி.

"அது மணலுக்குள்ள கிடக்கு. வெடிக்கும்."

"வெடிச்சா ஒருத்திதான் போவா. இப்போ பதினாலு பேருமுல்லா போவோம்."

"அந்த ஒருத்தி என் பெண்டாட்டி. வாயை மூடு."

"சரிண்ணே, கோவப்படாதீங்க. வேற வழி இல்லியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இருக்கு. அந்த வெள்ளை வயர்ல ஒரு பொடிச் சாமானைக் குறுக்கே வச்சா, சூடு கூடன்னு அதை நம்ப வச்சிரலாம். எப்ப அடிக்கணும்னு சொல்லு, அப்ப அடிக்கும்."

"அப்படிச் சொல்லுங்க! எட்டு மணிக்கு வைங்க."

"எட்டு மணிக்கு எதுக்கு, வீட்டுக்கே வந்து அடிக்கச் சொல்லேன். பக்கத்து அளத்துக்கெல்லாம் பதினொண்ணுக்கு அடிக்கும்போது உனக்கு மட்டும் எட்டுன்னா பத்து நாள்ல ஆள் வந்து பிரிச்சுப் பாப்பான். பிரிச்சா என் கைவேலை தெரியும். அப்புறம் பதினாலு பேருக்கும் ஒரு மாசம் இல்ல, ஒரேயடியா வேலை கிடையாது." பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. பேட்டரி நல்லதா இருந்தா மணி சரியா அடிக்கணும். மரத்தடியில நின்ன எனக்கே பத்து மணிக்குத் தலை சுத்திச்சு. பதினொண்ணு வரைக்கும் அது எப்படிச் சும்மா இருந்துச்சு? சூடு தெரியாம அதை எது மறைச்சு..."

"அத்தான்," என்றாள் ஜெயக்கொடி. "அது வெயிலைப் பாக்குமா, பேட்டரியைப் பாக்குமா?"

"பேட்டரியைத்தான். பேட்டரி சுட்டா வெயில் சுடுதுன்னு நினைச்சுக்கும்."

"அப்போ ஈரத்துணி சுத்தினா?"

"எந்த ஈரத்துணி?"

துணி அளத்துச் சாமான். லாரி ஏறும்போது கொட்டகைக் கம்பியில் காயப்போட்டுவிட்டு வருவார்கள். அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றுவதை, கால் மணிக்கு ஒருதரம் நனைப்பதை, இசக்கிதான் பெருமையாக விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெல்லக் கீழே வைத்தார்.

"மண்பானைக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருந்திருக்கு அதுக்கு. வெளிய நீங்க வெந்துகிட்டு நிக்கீய. அது உள்ள இருந்து, வெயிலே இல்லன்னு மேல சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

"அப்போ ரெண்டு வருஷமா நமக்குச் சரியா அடிச்சதே?"

"பேட்டரி அப்பருந்தே கொஞ்சங் கொஞ்சமாக் கெட்டுத் தானா சூடாயிருக்கு, இந்த ஒரு வாரமாத்தான் உப்பிக் கொதிச்சிருக்கு. துணி இறக்கின சூட்டை அது ஏத்திருச்சு. அம்மனும் இல்ல, மரமும் இல்ல." பிறகு கேட்டார், "இந்தத் துணி சுத்துற வேலையை யாரு சொல்லிக்குடுத்தா?"

எல்லோரும் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். இசக்கிக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

"அக்காதான் அண்ணே! உங்களுக்குத் தெரியாதா? பெட்டி வந்த முதல் கோடையிலேயே கண்டுபிடிச்சாவ. ஞானம் அண்ணாச்சி படம் பிடிச்சு கேட்ல போர்டே வச்சிருக்காரு. 'பெட்டியைப் பேணுவீர்'னு போட்டு, கீழ அக்கா துணி சுத்துற படம். ஆறு அளத்துலயும் அக்காவைப் பாத்துதான..."

வடிவக்கா கட்டிலில் இருந்து கையை நீட்டி இசக்கியின் தொடையில் கிள்ளினாள். அவள் நிறுத்தினாள்.

தவசிமுத்து மனைவியைப் பார்க்கவில்லை. வாளி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார். "நாளைக்கு ஒருநாள் துணி இல்லாமக் கட்டிப்பாரு. சேலைக்கு வெளிய தொங்கட்டும், உடம்புல படவேண்டாம்."

"வெயில்ல கெட்டுப்போச்சுன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கெடாது. கெட்டா நான் ஆச்சு."

"உங்க கால் மேல சத்தியமாச் சொல்லுங்க," என்றாள் வடிவக்கா.

"எந்தக் கால் மேல? நெட்டையா, குட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயக்கொடியும் சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலையில் யாரும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றவில்லை. ஒருத்திக்கும் கை வரவில்லை என்றாலும் ஊற்றவில்லை. பெட்டி ஜெயக்கொடியின் இடுப்புக்கு வெளியே வெறும் மேனியாக ஆடியது. வடிவக்கா வராத இடத்தையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வாரினார்கள். வாருவது குறைவாகவும் இடுப்பைப் பார்ப்பது அதிகமாகவும் இருந்தது. பெட்டி நின்றுபோனால் நாளையிலிருந்து அடுப்பு எரியாது.

ஒன்பது மணிக்கு ஞானதிரவியம் வரப்பில் வந்து நின்றார்.

"துணி எங்க ஜெயக்கொடி?"

"குடிச்சிட்டோம் அண்ணாச்சி."

"துணியையா?"

"தண்ணியை."

"வெளையாடாத. பெட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா எழுதவேண்டியது நான். போர்டுல உன் படத்தையே போட்டு வச்சிருக்கேன், நீயே இப்படிப் பண்ணலாமா?"

"அந்தப் படத்தை இறக்கிருங்க அண்ணாச்சி. நேத்து வடிவக்கா கழுத்துல நீங்கதான துண்டு போட்டீய? இன்னைக்கு யாருக்கும் போடவேண்டாம்னா ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் போயி நில்லுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நான் இந்தப் பக்கமே வரல," என்று சொல்லிவிட்டுக் கேட் பக்கம் நடந்தார்.

பத்து பத்துக்குப் பெட்டி கத்தியது.

பதின்மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். இசக்கி பாத்திக்குள்ளேயே குதித்து உப்புத் தண்ணீரை எல்லார் மேலும் அடித்தாள். வந்து பெட்டிக்கு முத்தம் கொடுத்தாள், சுட்டுவிட்டது என்று உதட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

ஜெயக்கொடி நின்ற இடத்திலேயே நின்றாள். பத்து பத்து. போன சித்திரையில், மரியதங்கம் படுத்த அன்று, இங்கே பத்து பத்துக்கு மணி அடித்து இவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து கருவாடு தின்றுகொண்டிருந்தார்கள். அங்கே மணி அடித்தது பதினொன்றுக்கு. அவள் விழுந்தது பத்து ஐம்பதுக்கு. நாலாம் அளத்தில் பெட்டி சுமந்தவள் அவள்தான்.

ஜெயக்கொடி வரப்பேறி நடந்தாள். அப்புறம் ஓடினாள். இடுப்பு வலித்தது.

நாலாம் அளத்தில் இப்போது பெட்டி கட்டியிருந்தவள் ரோஸ். நீலத் துண்டு சுற்றி, சொட்டச் சொட்ட நனைத்து வைத்திருந்தாள். "என்னக்கா, ஓடி வாரீய?" என்றாள். உதடு வெடித்திருந்தது.

"துண்டை அவுரு."

"ஐயோ, கெட்டுப்போயிரும். மரியதங்கக்கா சொல்லிக்குடுத்த மாதிரியே பாத்துக்கிட்டு வாரேன். அவங்க துண்டுதான் இது."

"அவளுக்குச் சொல்லிக்குடுத்தவ நான். நான் சொல்லுதேன், அவுரு."

ரோஸ் அவிழ்க்கவில்லை. ஜெயக்கொடியே அவள் இடுப்பில் கைபோட்டு முடிச்சை அவிழ்த்து, துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெறும் பெட்டி வெயிலில் நின்றது. பத்து இருபத்தாறுக்கு அது கத்தியது. பதினாலு முதுகு நிமிர்ந்தது. ஒருத்தி நம்பாமல் தன் போனை எடுத்து மணி பார்த்தாள்.

அதற்குப்பின் யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலாம் அளத்தில் இருந்து ஒருத்தி மூன்றாம் அளத்துக்கு ஓடினாள், இன்னொருத்தி ஐந்துக்கு. கொஞ்ச நேரத்தில் கடற்கரை நெடுக ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் கீச்சிட்டன. கேட் பக்கம் ஞானதிரவியம் ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டை ஆணியோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். எதற்காகப் பிடுங்கினார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் இருந்து இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை. துணி சுற்றச் சொல்லி அவர்கள் எழுத்தில் சொன்னதே இல்லை, படத்தைத்தான் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவசிமுத்து ஸ்கூட்டரில் அவளை மரியதங்கத்தின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் இறக்கிவிட்டு, "நான் இங்கனயே இருக்கேன். உள்ள வந்து காலை நீட்ட இடமிருக்காது," என்றார். அந்த வீட்டில் இடமெல்லாம் இருந்தது.

மகள் ஷைனி ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். அன்று லீவு. "அத்தை!" என்று கட்டிக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். ஜெயக்கொடி துவைத்து மடித்துக் கொண்டுவந்த நீலத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"இது அம்மாதுல்லா!" ஷைனி அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். "அம்மா ரெண்டு பாட்டில் கொண்டுபோவா அத்தை, தெரியுமா? ஒண்ணு எனக்கு, ஒண்ணு பெட்டிக்கும்பா. கடைசி நாள் ரெண்டையும் பெட்டிக்கே ஊத்திட்டான்னு ரோஸக்கா சொன்னாவ. பெட்டி நின்னுட்டா பதினாலு பேரு வயித்துல மண்ணும்பா. அவ்வளவு பொறுப்பு."

"ஆமாம்மா."

"'ஜெயக்கொடிதான் எனக்கு இதைச் சொல்லிக்குடுத்தா, அவ படத்தைப் போர்டுல பாத்தியா'ன்னு அம்மா என்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கா. அவ்வளவு பெருமை அவளுக்கு உங்களைப் பத்தி."

ஜெயக்கொடி டீயைக் குடித்தாள். சூடாக இருந்தது. மொத்தத்தையும் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். "நல்லாச் சாப்பிடுறியா? மெலிஞ்சிருக்கியே," என்று கேட்டாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

"சொல்லிட்டியா?"

"துண்டைக் குடுத்துட்டேன்."

அவர் பின்பக்கமாகக் கையைக் கொண்டுவந்து அவள் முழங்காலை ஒருதரம் அமுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவள் தலையை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். உப்புக்காற்று எதிரில் அடித்தது. ஆறு அளத்துக்கும் சொல்லியாயிற்று. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. பத்து பத்தில் இருந்து பதினொன்று வரை, மரியதங்கத்துக்கு ஐம்பது நிமிஷம் அவள் பாக்கி. அதை அவள் மகளிடம் சொல்வதும் பாக்கி.